சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்: கால்நடைத் துறை மண்டல இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனைச் சுவரில் கடந்த தை மாதம் ஒரு தாள் ஒட்டினார்கள். கோமாரித் தடுப்பூசி விளம்பரத்துக்கும் சினை ஊசி விவரத்துக்கும் நடுவில் இன்னும் இருக்கிறது. “செல்லப் பிராணிகளுக்கான தடுப்பூசி மற்றும் கருத்தடை அறுவை சிகிச்சை இனி மாவட்டத் தலைமையிடத்துப் பன்முக மருத்துவமனையில் மட்டுமே மேற்கொள்ளப்படும்.” கீழே உங்கள் அலுவலக முத்திரை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாயும் பூனையுமாக நாங்கள் வரிசையில் நின்ற வழக்கம் அந்த வாரத்தோடு நின்றது. மாட்டுப் பொங்கல் கழிந்து நாலே நாள்.

திங்கள்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: “மாவட்டத் தலைமையிடத்தில் வசதி உள்ளதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.” நான் தையல்காரி. அளவே எடுக்காமல் ஒரு ரவிக்கையை முடித்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தப் பதில். அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கும் சான்று என் அளவு நோட்டு. முன்பக்கம் வாடிக்கையாளர்களின் அளவு, பின்பக்கம் வீட்டுச் செலவு. அந்தப் பின்பக்கத்தில் இரண்டு நாய்களின் கணக்கு இருக்கிறது. ஒன்று செத்துப்போன நாய், இன்னொன்று இப்போது என் தையல் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும் நாய்.

செத்துப்போனவன் மணி. 2021 ஆவணிக் கடைசியில் வாய்க்கால் மதகடியில் கிடந்த செவலைக் குட்டியை என் மகன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். நாற்பத்தைந்து நாள் ஆனதும் மருந்துக் கடையில் 310 ரூபாய்க்குப் பல நாய் நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி வாங்கி, உங்கள் மருத்துவமனையில் போட்டுக்கொண்டு வந்தோம். “இருபத்தோரு நாள் கழிச்சு மறுபடி கொண்டாங்க” என்றார்கள். அந்த இருபத்தோரு நாள் முடிந்தபோது தீபாவளித் துணி என் கடையில் உத்தரம் வரை குவிந்திருந்தது. ஓர் ஊசிதான் போட்டாச்சே, மறு ஊசியைத் தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். இதை மறைத்துவிட்டு உங்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மணி சோற்றைத் தொடவில்லை, சாயந்தரம் வாந்தி எடுத்தான். விடிந்து பார்த்தால் திண்ணையெல்லாம் ரத்தக் கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. பார்வோ. குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்றுநோய், அந்தக் கூட்டு ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்று.

நோட்டில் உள்ளபடியே சொல்கிறேன். முதல் நாள் உங்கள் மருத்துவர் பார்த்தார். வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்த மருந்து 640 ரூபாய். இரவுக்குள் குட்டி துவண்டுவிட்டது. மறுநாள் மாவட்டத் தலைமையிடத்துக்குக் கார் வாடகை 1,800. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பரிசோதனை, சொட்டு மருந்து, ஊசிகள் சேர்த்து 2,350. பிறகு மூன்று நாள் அங்கேயே வைத்துப் பார்த்ததற்கு நாளொன்றுக்கு 1,700 வீதம் 5,100. கூடவே இருந்த மகனுக்குச் சாப்பாடும் பேருந்தும் 420. ஐந்தாம் நாள் விடியற்காலை செத்துப்போனான். ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவர மறுபடியும் கார், 1,800. ஆக 12,110 ரூபாய். அந்த வாரம் திருப்பிக் கொடுத்த தீபாவளி ரவிக்கைகளை நான் இதில் சேர்க்கவில்லை.

பார்வோ கிருமியைக் கொல்ல நேரடி மருந்து கைவசம் இல்லை என்று அங்கே ஒரு மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். குடலின் உள்தோலை அது அரித்துவிடுகிறது. உடம்பில் நீர் வற்றாமல் சொட்டு ஏற்ற வேண்டும். வாந்தியை அடக்க வேண்டும். புண்ணான குடல் வழியே வேறு கிருமி ரத்தத்தில் ஏறாமல் பார்க்க வேண்டும். குட்டியின் உடம்பு தானாகப் போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியமே. செலவு நாள்கணக்கில் ஏறுவது அதனால்தான். ஊசிக்கு ஒரு விலை இருக்கிறது. நோய்க்கு விலை கிடையாது, நாள் வாடகைதான்.

அப்போது நான் கேட்ட கேள்வியை இன்று ஊரில் பாதிப்பேர் கேட்கிறார்கள்: ஊசி போட்டோமே, பிறகு எப்படி வந்தது? அவர் சொன்ன பதில் மாடு வளர்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கன்றுக்குச் சீம்பால் எப்படியோ குட்டிக்கும் அப்படித்தான். பிறந்த அன்று தாயிடம் குடிக்கும் முதல் பாலில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது; சில வாரம் காவல் நிற்கிறது. அந்தக் காவல் வலுவாக இருக்கும்போது ஊசி போட்டால், வந்திருப்பது மருந்தா நோயா என்று பார்க்காமல் அது ஊசி மருந்தையும் அடித்து விரட்டிவிடும். காவல் தேயத் தேயத்தான் ஊசி பிடிக்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தேயும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு வாரத்தில் தேய்வதும் உண்டு, பதினாலு வாரம் தாங்குவதும் உண்டு. அதனால்தான் பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மூன்று ஊசி என்றால் மூன்று பங்கு மருந்து என்று அர்த்தமில்லை. ஒன்று தவறினாலும் அடுத்தது பிடிக்கட்டும் என்று மூன்று முறை வீசும் வலை. நான் ஒருமுறை வீசிவிட்டு வீட்டுக்கு வந்தவள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தாள். அந்தத் தாளால் ஊரில் எவருமே ஊசி போடாமல் போய்விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. குட்டி வந்த புதிதில், ஆசையில், ஒருமுறை 38 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமையிடத்துக்குப் போய் வருவார்கள். இரண்டாவது முறை போகமாட்டார்கள். அதாவது காசையும் செலவழித்துவிட்டு, குட்டியையும் பறிகொடுப்பார்கள். 2021-இல் என் சோம்பலால் நடந்தது இனி உங்கள் உத்தரவால் நடக்கும்.

இப்போது அடுத்த பக்கம். பார்வோ கிருமி மண்ணில் ஓராண்டுகூடக் கிடக்கும், அவசரப்பட்டு இன்னொரு குட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். திண்ணையைப் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று முறை கழுவினோம். கொல்லை மண்ணை யார் கழுவுவது? ஒரு வருடம் பொறுத்து 2022 கார்த்திகையில் கறுப்பி வந்தாள். எட்டாம் வாரம், பன்னிரண்டாம் வாரம், பதினாறாம் வாரம் என்று மூன்று சனிக்கிழமை. ஒவ்வொன்றும் 340 வீதம் 1,020 ரூபாய். வெறிநோய் ஊசி உங்கள் மருத்துவமனையிலேயே இலவசமாகப் போட்டார்கள். குடற்புழு மாத்திரை எட்டு தடவைக்கு 200. உண்ணிக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்து நான்கு முறைக்கு 1,040. கருத்தடையும் ஒரு சனிக்கிழமைதான் நடந்தது. மயக்க மருந்து, தையல் நூல் எல்லாம் வெளியில் வாங்கியது 1,450. முதல் வருடம் மொத்தம் 3,710 ரூபாய். அடுத்தடுத்த வருடங்களில் மறு ஊசி, புழு மாத்திரை, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து வருடம் 1,560. மூன்று வருடத்துக்கும் கூட்டினால் 6,830.

மணி ஐந்து நாளில் சாவதற்கு ஆனது 12,110. கறுப்பி மூன்று வருடம் வாழ்வதற்கு ஆனது 6,830.

உண்ணி மருந்தை மட்டும் வீண்செலவு என்று என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க காலத்துல வேப்பெண்ணெய் தடவுனா போதும்.” பின்தெருவில் ஒரு நாய்க்கு மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். உண்ணி ரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை; ரத்த அணுக்களையே அழிக்கும் கிருமியை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துதான் மூக்கில் ஒழுகுகிறது. அந்த வீட்டில் ரத்தப் பரிசோதனைக்கே இரண்டு முறை டவுனுக்குப் போய் வந்தார்கள், மாத்திரை ஒரு மாதம் கொடுத்தார்கள். நாய் பிழைத்தது. உண்ணி இன்னும் அவர்கள் வீட்டுச் சுவர் வெடிப்பில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.

எதிர்வீட்டு அக்காவின் ரோசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழு வயது. கருத்தடை செய்யவில்லை, “பொட்டை நாயை அறுத்தா பாவம்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மசக்கை மாதிரி சோர்ந்து கிடந்தது, குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்தது. பிறகு பின்பக்கம் சீழ் வடிந்தது. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பருவச் சூடு முடிந்து சில வாரத்தில், கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய்களுக்கு வருவதாம். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும், அதுவும் உடனே. அக்கா காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து 14,000 கட்டினார். அதே கர்ப்பப்பையை ரோசி குட்டியாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்திருந்தால், நான் கட்டிய 1,450-தான் ஆகியிருக்கும். தோடு இன்னும் மீளவில்லை. வட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார், அதனால் சேர்க்கவில்லை.

“மாவட்டத் தலைமையிடத்தில் வசதி உள்ளது” என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளது, மறுக்கவில்லை. போய்ப் பார்த்தேன், நல்ல கட்டடம், மருத்துவர்கள் அக்கறையாகப் பார்க்கிறார்கள். ஆனால் நாயைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். நடத்துநரைக் குறை சொல்லவும் முடியாது. கார்தான் எடுக்க வேண்டும். இன்றைய வாடகை போக வர 2,200. ஒரு குட்டிக்கு மூன்று தவணை ஊசி மருந்து இன்றைய விலையில் 1,200 ரூபாய். அந்த மூன்று ஊசிக்குப் போய் வரும் வண்டி 6,600. கூலிக்காரர் ஒருவர் இதில் எதை வெட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். மூன்று பயணத்தை ஒன்றாக்குவார். அல்லது ஒன்றுமில்லாமல் ஆக்குவார்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் விசாரித்தேன். எங்கள் ஊர் மருத்துவர் இரண்டு மருந்தகங்களைப் பார்க்கிறார். சினை ஊசி, காம்பு நோய், ஈனமுடியாமல் தவிக்கும் மாடு, காப்பீட்டுக்குப் பிரேதப் பரிசோதனை, நடுவில் முகாம், முகாமுக்குப் படம் எடுத்து அனுப்புவது என்று அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. வெறிநோய் மருந்து பத்து நாய்க்கான ஒரே குப்பியாக வருவதால், ஒரு நாய்க்காக உடைத்தால் மிச்சம் வீணாகிறது என்றும் ஊழியர் ஒருவர் சொன்னார். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பத்துப் பேரை ஒரே நாளில் சேர்த்தால் குப்பி வீணாகாது, மருத்துவரின் மற்ற நாட்களும் கெடாது. அதற்குத்தான் சனிக்கிழமை இருந்தது. வீணாவதற்கு மருந்தாக இருந்த ஒரே ஏற்பாட்டை, வீணாகிறது என்ற காரணம் காட்டி நிறுத்தியிருக்கிறீர்கள்.

இன்னொரு காரணமும் காதில் விழுந்தது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. “நாய் வளர்க்கிறதெல்லாம் வசதிக்காரங்க பொழுதுபோக்கு, துறை இருக்கிறது ஆடு மாட்டுக்குத்தானே.” ஐயா, எங்கள் தெருவில் சோபாவில் படுக்கும் நாய் ஒன்றுகூட இல்லை. சோபாவே இல்லை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து எங்கள் வயல்களுக்கு ஆட்டு மந்தையோடு கிடை போட வரும் கீதாரிகளைக் கேட்டுப் பாருங்கள். நரிக்கும் திருடனுக்கும் நடுவில் முந்நூறு ஆட்டை ராத்திரி காப்பது யார் என்று சொல்வார்கள். மர ஆசாரி பட்டறைக்கு நாய்தான் பூட்டு. கணவர் வெளியூரில் வேலை பார்க்க, இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் வீட்டுக்கு நாய்தான் ஆண் துணை. ஆட்டைக் காப்பது துறையின் வேலை என்றால், ஆட்டைக் காக்கும் நாயைக் காப்பது யார் வேலை?

வருமுன் காப்பதன் கணக்கு உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கணக்கை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் துறைதான். கோமாரி வந்த மாடு செத்தால்தான் நட்டம் என்பதில்லை, பிழைத்தாலும் பால் வற்றிப்போகும் என்று வீடு வீடாக வந்து சொன்னது நீங்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று என்று கொட்டகைக்கே வந்து இலவசமாக ஊசி போடுகிறீர்கள். கொட்டகைக்கு வருகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு 38 கிலோமீட்டர் வா என்று எவரையும் நீங்கள் சொன்னதில்லை. சொன்னால் எத்தனை மாட்டுக்கு ஊசி விழும் என்று உங்களுக்குத் தெரியும். வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதென்று 2011-இல் அறிவித்தார்கள். அது ஒழிந்தது தடுப்பூசியை மாடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனதால். எங்கள் தாத்தா காலத்தில் ஊர் மாடெல்லாம் ஒரே வாரத்தில் சாய்ந்த கதையை நாங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது.

நாய் ஊசி நாய்க்கு மட்டும் என்று நினைத்தாலும் கணக்கு தப்பும். இந்தச் சித்திரையில் மூன்றாவது தெரு கொத்தனாரின் ஒன்பது வயது மகனை, பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் முழங்காலுக்குக் கீழே கடித்தது. அந்த நாய்க்கு மாசியிலேயே வெறிநோய் ஊசித் தவணை. “டவுனுக்குப் போகணுமே” என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். பையனின் காலைக் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். அரசு மருத்துவமனையில் கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று ஊசி. புண்ணைச் சுற்றியும் மருந்து போட்டார்கள். எல்லாம் இலவசம், நல்லபடியாகவும் பார்த்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்ட என் மாமியாருக்கு, இவ்வளவுதானா என்றே ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தாய்க்கு நான்கு நாள் கூலி போனது. நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் தெருவே அந்த நாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் நிம்மதி, குடிக்கச் சற்றுத் தாமதித்தால் பையனின் அம்மா அழுவாள். கடைசியில் நாய்க்கு ஒன்றுமில்லை. பையனுக்குப் போட்ட மருந்தும் அரசுப் பணம்தான், நாய்க்குப் போடாமல் மிச்சம் பிடித்ததும் அரசுப் பணம்தான். துறைதான் வேறு.

ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி இருந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதென்று நம் நாடும் 2021-இல் செயல்திட்டம் அறிவித்தது. நான் எங்கள் மூன்று தெருவில் மட்டும் ஊசி அட்டைகளை வாங்கிப் பார்த்து எண்ணினேன். வளர்ப்பு நாய் 23. போன வருடம் வெறிநோய் ஊசித் தவணை தவறாமல் இருந்தவை 17. அதாவது எழுபதுக்கு மேலேயே இருந்தோம், யாரும் சொல்லாமலே. இந்த ஆவணியில் எண்ணியபோது ஆறு. ஜூலை 6-ஆம் தேதி, 1885-இல் பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநோய் ஊசி போட்ட நாள் என்று ஆண்டுதோறும் நடக்கும் இலவச முகாம்கூட இந்த வருடம் எங்கள் ஊரில் நடக்கவில்லை. தலைமையிடத்தில் நடந்ததாகச் செய்தித்தாளில் படம் பார்த்தேன்.

சனிக்கிழமை போன இடத்தில் இப்போது வேறொன்று முளைத்திருக்கிறது. ஒரு மருந்துக் கடைப் பையன் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து நாய்க்கு ஊசி போடுகிறான். நல்ல பையன்தான். ஆனால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வருகிறான். குட்டிக்குக் காய்ச்சல் இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று பார்க்க அவனுக்குத் தெரியாது. ஊசி ஒவ்வாமல் முகம் வீங்கி மூச்சு முட்டினால் என்ன செய்வதென்றும் தெரியாது. அட்டையில் கையெழுத்து கிடையாது. பதிவு பெற்ற மருத்துவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததே. அவனைப் பிடித்துத் தண்டியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு வேலையில்லாமல் செய்யுங்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை.

சுவரில் உள்ள தாளை எடுங்கள். வாரம்தோறும் முடியாவிட்டால் மாதத்தில் முதல் சனிக்கிழமையும் மூன்றாவது சனிக்கிழமையும் மட்டுமாவது, காலை இரண்டு மணி நேரம், எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடச் சொல்லி எழுத்தில் உத்தரவு கொடுங்கள். வெறிநோய் மருந்தை முன்போல இலவசமாகத் தாருங்கள். கூட்டுத் தடுப்பூசியை நீங்கள் வாங்கி வைக்க நிதி இல்லையென்றால் பரவாயில்லை, நாங்கள் பனிக்கட்டியோடு வாங்கி வருகிறோம். போட மறுக்காமல் இருந்தால் போதும். பதிவுக்கு ஐம்பது ரூபாய் கட்டணம் வைத்தாலும் கட்டுகிறோம், ரசீது கொடுங்கள்.

மருத்துவர் வேறு மருந்தகத்தில் இருக்கும் சனிக்கிழமைகளில், அவருடைய மேற்பார்வையில் கால்நடை ஆய்வாளர் ஊசி போட அனுமதியுங்கள். கோமாரி ஊசியும் கோழிக்கழிச்சல் ஊசியும் போடத் தெரிந்த கை அது. கருத்தடைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமையிடத்திலிருந்து ஒரு மருத்துவரை அனுப்புங்கள். முன்கூட்டியே பெயர் பதிந்து, மருந்தும் நூலும் வாங்கி வைத்துக் காத்திருப்பது எங்கள் பொறுப்பு. முதல் ஊசிக்கு வரும் எவரையும், அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்து, ஏன் மறுபடி வர வேண்டும் என்று இரண்டு வார்த்தை சொல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். 2021-இல் எனக்கு அந்த இரண்டு வார்த்தை கிடைக்கவில்லை. அட்டை எழுத ஆள் இல்லையென்றால் நான் வந்து எழுதுகிறேன். சனிக்கிழமை கடையை பத்து மணிக்குத்தான் திறப்பேன்.

இவற்றில் எதைச் செய்ய முடியாதென்றாலும், எது, எதனால் என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். “முடித்து வைக்கப்படுகிறது” என்ற வரி மட்டும் வேண்டாம்.

கறுப்பிக்கு இந்த வருட மறு ஊசித் தவணை வரும் மாதம். தவணை வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மருந்தைப் பனிக்கட்டிக் குடுவையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்பேன். எதிர்வீட்டு அக்காவும் ஆசாரியும் கொத்தனார் வீட்டாரும், இன்னும் பதினோரு வீட்டாரும் அவரவர் நாயோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த ஊர்த் தையல்காரி